மூன்று விரல் தொய்வு

சாக்கை விரித்து அதன்மேல் முழங்காலை ஊன்றியபோதே பட்டுக்கனி முடிவு செய்துவிட்டாள், இன்றைக்குச் செயினுக்கு ஒரு விரல் தொய்வு வைப்பதில்லை, மூன்று விரல்தான், யார் வந்து கேட்டாலும் மூன்று விரல்தான். முடிவு செய்துவிட்டாள் என்று சொல்வதுகூடக் கொஞ்சம் கூடுதல். காலையில் பல் தேய்க்கும்போதும் இதே முடிவைத்தான் செய்திருந்தாள், அரிசி களையும்போது அதை மாற்றி, வீட்டைப் பூட்டும்போது மறுபடி பழைய இடத்துக்கே வந்திருந்தாள், ஆக இது இன்றைக்கு மூன்றாவதோ நான்காவதோ முடிவு. மணி இரண்டு. மூன்று மணிக்குத் தவசிமுத்து அண்ணாச்சி வந்துவிடுவார். தேரியின் ஓரத்தில், சிவப்பு மணல் மேடு ஏறத் தொடங்கும் இடத்தில், எட்டு ஏடிவி வண்டிகள் நிற்கின்றன, கோயிலுக்கு வந்துவிட்டுப் போகிறவர்கள் மணல்மேட்டில் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க ஏறும் நாலு சக்கர வண்டிகள். எட்டுக்கும் சேர்த்து ஒரு சங்கம், சங்கத்துக்கு அவர்தான் தலைவர். வெள்ளிக்கிழமை தோறும் அவர் சோதித்துச் சரி என்று சொன்னால்தான் அந்த வாரம் வண்டி வரிசையில் நிற்கலாம். பிரேக், டயர், லைட் எல்லாம் பேருக்குப் பார்ப்பார், செயினைத்தான் உயிராகப் பார்ப்பார். வண்டியின் அடிச்சட்டத்துக்குக் கீழே ஹாலோபிளாக் கல்லைக் கொடுத்துத் தூக்கச் சொல்லி, பின்சக்கரங்கள் அந்தரத்தில் தொங்க, குனிந்து, ஆள்காட்டி விரலைச் செயினுக்கு அடியில் விட்டு மேலே தள்ளுவார். ஒரு விரல் கனத்துக்கு ஏறி இறங்கினால் தலையை ஆட்டுவார். அதற்கு மேல் ஏறினால் வண்டி வெளியே. இந்தச் சட்டம் வந்து பத்து மாதம் ஆகிறது. பத்து மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் மூன்று மணிக்கு முன்னால் செயினை ஒரு விரலுக்கு இறுக்குகிறாள், அவர் போனதும் யார் கண்ணிலும் படாமல் மூன்று விரலுக்குத் தளர்த்துகிறாள். கள்ளப் புருஷனைப் பார்க்கப் போகிறவள்கூட இவ்வளவு பயப்பட மாட்டாள்.

இன்றைக்குச் செயின் மூன்று விரலும் இல்லை, நாலரை விரலுக்குத் தொங்கிக் கிடந்தது. ஒரு வாரம் ஓடினால் அப்படித்தான், தேரி மணல் மாவு மாதிரி நைஸ், எண்ணெயில் கலந்து அரைத்த மிளகாய் விழுதாகச் செயினின் ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் போய் உட்கார்ந்து தின்றுவிடும். அவள் பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேய்த்தாள், சிவப்பு ஒழுகியது, தேய்க்கத் தேய்க்க ஒழுகியது, அந்தச் சிவப்பைப் பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பினால் நேரே முப்பது அடி தூரத்தில் கொல்லாமரத்தின் நிழலில் மேசையும் மேசைக்குப் பின்னால் அவள் புருஷன் சுயம்புலிங்கமும். இடது காலை ஒரு ஸ்டூல் மேல் நீட்டி வைத்திருந்தான், ஊன்றி நடக்கும் கம்பு மேசையில் சாய்ந்திருந்தது. டிக்கெட் புத்தகத்தின் மேல் ஒரு கல், கல்லின் மேல் அவன் கை. முன்பெல்லாம் அந்த மேசையில் அவள் உட்கார்ந்திருந்தாள், அவன் வண்டி ஓட்டினான், இப்போது இடம் மாறிவிட்டது, கண்ணாமூச்சி ஆடி யாரோ மாற்றி உட்கார வைத்தது போல. அவன் இந்தப் பக்கம் பார்த்தான். அவள் குனிந்துகொண்டாள். பின் ஆக்சிலைப் பிடித்திருப்பது ஒரு உருண்டைக் கூடு, ஆக்சில் அதன் நடுவில் போகாது, ஓரமாகப் போகும், நான்கு போல்ட்டைத் தளர்த்தி, கூட்டின் விளிம்பில் இருக்கும் ஓட்டையில் கம்பியை விட்டு நெம்பினால் கூடு சுழலும், கூட்டோடு ஆக்சில் பின்னால் நகரும், செயின் இறுகும். இதைப் புரிந்துகொள்ள மற்ற டிரைவர்களுக்கு இரண்டு நாள் ஆனது, அவளுக்கு ஒரு தடவை பார்த்ததும் வந்துவிட்டது. வண்டி விற்ற கம்பெனி மெக்கானிக்கே சொன்னான், அக்காவுக்குக் கை சுத்தம் என்று. அந்தச் சொல்லை எத்தனை நாள் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள், பாத்திரம் விளக்கும்போதுகூடக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு. இப்போது நினைத்தால் அந்தக் கையைக் கொண்டுபோய் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

ஸ்பானரை முதல் போல்ட்டில் மாட்டினாள். திரும்பவில்லை. உடம்பின் கனத்தையெல்லாம் தோளுக்குக் கொண்டுவந்து அழுத்தியதும் டக்கென்று விட்டது, அந்தச் சத்தம், அதே சத்தம், பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை சாயங்காலமும் இப்படித்தான் டக்கென்றது. சுயம்பு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தான். இவள் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி அந்த வழியே போனவர் நின்றார், செருப்பு முனையால் செயினை ஒரு தட்டுத் தட்டினார், என்னம்மா பட்டு, செயின் இப்பிடித் தொங்குது, ஒரு விரலு இருந்தாப் போதும்லா, என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை, அதிகாரம் பண்ணவில்லை, போகிற போக்கில் நல்லதுக்குச் சொன்னது. போய்விட்டார். இவள் கல்லைக் கொடுத்து வண்டியைத் தூக்கி, கம்பியை விட்டு நெம்பி, கணக்காக ஒரு விரல், ஒரு நூல் கூட இல்லை குறைய இல்லை, வைத்துவிட்டு எழுந்தாள். பெருமையாக இருந்தது. சுயம்புவிடம் சொல்லவில்லை, அவனாகக் கண்டுபிடித்து யாரு செய்தது என்று கேட்கட்டும் என்று வைத்திருந்தாள், புதுச் சேலை கட்டிக்கொண்டு புருஷன் கவனிக்கிறானா என்று பார்ப்பார்களே அந்த மாதிரி. அவன் கவனிக்கவில்லை. மறுநாள் மத்தியானம் பெரிய மேட்டில் இரண்டு காலேஜ் பையன்களை ஏற்றிக்கொண்டு ஏறும்போது, உச்சிக்குப் பத்தடி கீழே, வண்டி ஒரு குழியில் இறங்கி எழுந்தபோது செயின் அறுந்தது. வண்டி பின்னால் உருண்டது. பையன்கள் மணலில் குதித்துவிட்டார்கள். அவன் காலை ஊன்றி நிறுத்தப் பார்த்தான், பின்சக்கரம் அந்தக் காலின்மேல் ஏறியது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணாச்சிதான் முதலில் சொன்னார், செயின் தொங்கிக் கிடந்திருக்கும், பல்சக்கரத்திலிருந்து கழன்று மாட்டிக்கொண்டு அறுந்திருக்கும், சுயம்பு பார்க்காமல் விட்டுவிட்டான் என்று. சுற்றி நின்ற ஏழு டிரைவர்களும் ஆமாம் என்றார்கள். சடங்கு வீட்டில் ராத்திரி ஊற்றியிருப்பான், காலையில் எங்கே செயினைப் பார்ப்பது, என்று ஒருவன் சேர்த்துக்கொண்டான். அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் அவளுக்கு நினைவிருக்கிறது, இல்லைங்க அண்ணாச்சி, நான்தான் இறுக்கினேன், என்ற மூன்று நான்கு சொல். அப்போது உள்ளேயிருந்து நர்ஸ் வந்து ரத்தம் வேண்டும் என்றாள், அண்ணாச்சி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனார், ரத்தம் கொடுத்துவிட்டு வெளுத்த முகத்தோடு வெளியே வந்து அழாத தாயி என்றார். அதற்கு மேல் எப்படிச் சொல்வது? தன் புருஷன் உடம்பில் ஓடும் ரத்தத்தில் ஒரு பாட்டில் அவருடையது. அன்றைக்குச் சொல்லவில்லை, அடுத்த நாள் சொல்லலாம் என்று பார்த்தால் அடுத்த நாள் அதைவிடக் கஷ்டமாக இருந்தது, ஒரு வாரம் கழிந்ததும் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்வி வேறு அதோடு சேர்ந்துகொண்டது. சுயம்பு கண் விழித்து அவனே அதை நம்பத் தொடங்கினான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான், நான் பாக்காம விட்டுட்டேன், என் தப்புதான், என்று. அவள் பக்கத்தில் நின்று ஹார்லிக்ஸ் கலந்தாள். இதை நினைத்தால் அவளுக்கு அழுகை வருவதில்லை, கோபம் வருகிறது, யார்மேல் என்று கேட்டால் வரிசையாகச் சொல்ல முடியாத கோபம், அண்ணாச்சிமேல், அவர் ரத்தத்தின்மேல், தலையாட்டிய ஏழு பேர்மேல், ஹார்லிக்ஸ் கலந்த அவள்மேல். இரண்டாவது போல்ட்டும் விட்டது.

செயின் அறுந்தது தன் கையால்தான் என்று அப்போது அவளுக்கே உறுதியில்லை, அதையும் சொல்ல வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஏன் அறுகிறது? தொங்கினால்தானே கழலும்? அண்ணாச்சி சொல்வதுதான் நியாயமாகப் பட்டது. என் கையில் ஏதோ குறை, போல்ட்டைச் சரியாக முடுக்கவில்லை, ஆக்சில் நழுவி முன்னால் வந்து செயின் தொங்கிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று ராத்திரி முழுக்கப் போல்ட்டுகளை மனசுக்குள் முடுக்கிக்கொண்டு படுத்திருப்பாள். சுயம்பு கட்டிலோடு கிடந்த அந்த மாதத்தில்தான் வண்டியைச் சரிசெய்து அவள் ஓட்டப் பழகினாள், பொம்பளை ஓட்டுவதா என்று இரண்டு பேர் கேட்க, சுயம்புவுக்காக விடுங்கப்பா என்று அண்ணாச்சி வரிசையில் இடம் கொடுத்தார், அதுவும் அவர் கொடுத்ததுதான், எங்கே திரும்பினாலும் அவர் கொடுத்தது ஏதாவது ஒன்று காலில் இடறுகிறது. ஓட்டத் தொடங்கி மூன்றாம் வாரம். இரண்டு பெரிய உடம்புக்காரப் பெண்கள், அக்காளும் தங்கச்சியும், ஏறி உட்கார்ந்தார்கள். பின்னால் உட்கார்ந்தவளின் துப்பட்டா சக்கரத்தில் சுற்றிவிடப் போகிறதே என்று இவள் குனிந்து அதை எடுத்து முடிச்சுப் போட்டாள். அப்போது செயினைப் பார்த்தாள். அரைமணி நேரத்துக்கு முன்னால் கல்லின்மேல் இருந்தபோது ஒரு விரல் ஆடிய செயின், இப்போது துணி காயப்போடும் கம்பி மாதிரி விறைத்து நின்றது. தொட்டுப் பார்த்தாள். அசையவில்லை. ஆள் உட்கார்ந்ததும் வண்டியின் பின்பக்கம் அமுங்குகிறது, அமுங்கும்போது ஆக்சில் பின்னால் தள்ளிப்போகிறது, செயின் இழுபடுகிறது. சும்மா உட்கார்ந்ததற்கே இப்படி என்றால் குழியில் இறங்கி எழும்போது? அவள் துப்பட்டாவைப் பிடித்தபடியே இருந்தாள், அந்தப் பெண், என்னக்கா, சிக்கிருச்சா, என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று எழுந்து, வண்டியை ஓட்டி, இறக்கிவிட்டு, மறுபடி குனிந்து செயினைத் தொட்டாள், அது ஆடியது. கையில் குறை இல்லை. கை சுத்தம்தான். அளவுதான் கொன்றது.

அன்றையிலிருந்து மூன்று விரல். தூக்கி வைத்தால் மூன்று, இரண்டு ஆள் ஏறினால் ஒன்றரை, குழியில் இறங்கினால் ஒன்றோ அரையோ, அறுக்க அங்கே ஒன்றுமில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள், எப்படித் தெரியும் என்றால் அந்த வியாழக்கிழமைக்குப் போக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை இறுக்கு, அப்புறம் தளர்த்து, இறுக்கு, தளர்த்து, தன் வண்டி பிழைத்தால் போதும் என்று பத்து மாதம். போன வெள்ளிக்கிழமைதான் அது உடனே நடக்கவில்லை. அண்ணாச்சி தலையை ஆட்டிவிட்டு நகர்ந்த அதே நிமிஷம் இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கிவிட்டார்கள், அவள் கம்பியை எடுக்கக் குனியும்போதே ஒரு பெண் தன் மகளைத் தூக்கிப் பின்னால் உட்கார வைத்துத் தானும் ஏறிவிட்டாள். இறங்குங்க, செயினத் தளத்தணும், என்று எப்படிச் சொல்வது, அண்ணாச்சி நாலடியில் நிற்கும்போது? ஓட்டினாள். பெரிய மேட்டில் ஏறவில்லை, சுற்றிப் போனாள், அப்படியும் ஒவ்வொரு பள்ளத்திலும் காலுக்கடியில் செயின் கிர்ரென்று முனகியது, அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே இன்னும் வேகமா போங்க ஆன்ட்டி என்றது. இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே செந்தூர்பாண்டியின் வண்டி. கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாதவன், பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு பெரிய மேட்டில் நேராக ஏறிக்கொண்டிருந்தான், அவன் வண்டியிலும் அதே முனகல். அவள் அதுவரை அதைக் கேட்டதே இல்லை, அல்லது கேட்டிருப்பாள், கேட்காத மாதிரி இருந்திருப்பாள். ஏழு வண்டியிலும் ஒரு விரல். அவள் வாயைத் திறக்காததால் ஏழு வண்டியிலும் ஒரு விரல். அடுத்து எவன் கால்? எவள் கால்? அன்றைக்கு ராத்திரி சுயம்பு என்ன என்று கேட்டான், வயிறு சரியில்லை என்றாள்.

நான்கு போல்ட்டும் விட்டாயிற்று. கம்பியை ஓட்டையில் செருகினாள், நெம்பினாள். கூடு முதலில் முரண்டு பிடித்தது, மணல் கடித்துக்கொண்டிருந்தது, கொஞ்சம் எண்ணெய் விட்டு இன்னொரு தடவை நெம்பியதும் ஒரு பெருமூச்சு விட்டுச் சுழன்றது. சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினாள். செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேயாது, சுற்றச் சுற்ற ஒரு இடத்தில் தளரும் ஒரு இடத்தில் இறுகும், இறுகும் இடத்தில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும், தளர்ந்த இடத்தில் அளந்து ஏமாறுகிறவர்களும் இந்த வரிசையில் உண்டு. இறுகும் இடம் வந்தது. விரலை விட்டாள். நான்கு. நெம்பினாள். மூன்றரை. நெம்பினாள். மூன்று. கை அங்கே நிற்கவில்லை, நிற்க வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தும் கம்பியை இன்னும் கொஞ்சம் அழுத்தப் பார்த்தது, பத்து மாதப் பழக்கம், இன்னும் அரை நெம்பு, இன்னும் ஒரு நெம்பு, ஒரு விரலுக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டால் மூன்று மணிக்கு ஒரு தலையாட்டல், நாலு மணிக்கு மணல் ஆறும், ஆட்கள் வருவார்கள், ராத்திரி சுயம்பு தன் பங்கு மீனில் முள் எடுத்து அவள் தட்டில் வைப்பான், எதுவும் மாறாது. எதுவும் மாறாது என்பதை நினைத்ததும்தான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாறாமல் என்ன வாழ்கிறது? அவன் முள் எடுத்து வைக்கும் ஒவ்வொரு துண்டையும் திருடித் தின்கிற மாதிரி அல்லவா தின்கிறாள். கம்பியை உருவித் தரையில் போட்டாள். போல்ட்டுகளை முடுக்கினாள், ஒன்று, எதிர்மூலையில் ஒன்று, பிறகு மற்ற இரண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளை நினைத்துக்கொண்டு முடுக்கினாள், கடைசிப் போல்ட்டுக்குத் தன்னையே. வரிசையை விட்டு வெளியே போடு என்றால் போடட்டும். பொம்பளைக்கு என்ன தெரியும் என்பானா, சொல்லட்டும், இந்தத் தேரியில் செயினைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது எவனுக்கும் தெரியாது. அதற்காக அவள் கொடுத்த விலையும் எவனும் கொடுக்கவில்லை. சுயம்பு பேசாமல் போனால்? அங்கே வந்ததும் மனசு முட்டி நின்றது, மாடு தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து நிற்பது மாதிரி, சுற்றிப் போகவும் இல்லை, தாண்டவும் இல்லை. பேசாமல் போகட்டும், என்று வாய்விட்டே சொன்னாள். சொன்னது அவ்வளவு உறுதியாகக் கேட்கவில்லை.

மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அண்ணாச்சி வந்துவிட்டார், வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, பின்னால் டிரைவர்கள். முதல் ஏழு வண்டிக்கும் ஏழு தலையாட்டல். இவள் வண்டிக்கு வந்தார், குனிந்தார், விரலை விட்டார், விரல் போனது, போய்க்கொண்டே இருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தபோது கோபம் இல்லை, பாவம் என்று பார்க்கிற பார்வை, அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“செயின் தொங்குதேம்மா.”

“தொங்கட்டும் அண்ணாச்சி. அதுதான் அளவு.”

யாரோ சிரித்தார்கள். அண்ணாச்சி சிரிக்கவில்லை. இந்தச் சட்டமே உன் வீட்டுக்காரன் காலைப் பார்த்துப் போட்டதுதான், உனக்கே நான் சொல்லித் தரணுமா, என்று மெல்லிய குரலில் கேட்டார், சுயம்புவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டு. அந்த நல்ல மனசு அவளை ஒரு கணம் அப்படியே கீழே இழுத்தது. இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, மறந்துட்டேன் அண்ணாச்சி, இந்தா இறுக்கிடுதேன், என்றால் முடிந்தது. அவள் சாக்கிலிருந்து எழுந்து நின்றாள். குரலைத் தணிக்கவில்லை, கொல்லாமரம் வரைக்கும் போகட்டும் என்றே பேசினாள்.

“அன்னைக்குச் செயின் தொங்கல. முந்தின நாள் சாயங்காலம் நாந்தான் இறுக்குனேன். ஒரு விரலுக்கு. நீங்கதான் சொன்னிய, செருப்பால தட்டிக் காட்டி. இறுக்குனதுனாலதான் அறுந்துச்சு.”

அவர் முகத்தில் அந்தச் சாயங்காலம் வந்து சேர்வதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்து சேர்ந்ததை அவள் பார்த்தாள், துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார், என்ன செய்வதென்று தெரியாத கை. பிறகு மனுஷன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார், யார்தான் பார்க்க மாட்டார்கள்.

“அப்ப ஒம் புருசன் கால ஒடச்சது நீயா?”

“ஆமா. கை என் கை. அளவு ஒங்க விரலு.”

வண்டியில் ஆள் ஏறினால் செயின் என்ன ஆகிறது என்று அவள் சொல்லத் தொடங்கினாள், பின்பக்கம் அமுங்குவதை, ஆக்சில் தள்ளிப்போவதை, ஏழு வண்டியும் முனகுவதை, செந்தூர்பாண்டி தன் வண்டியைத் திரும்பிப் பார்த்தான், ஆனால் அவள் சொல்வது அவள் காதிலேயே விழவில்லை, காது முழுக்கக் கொல்லாமரத்துப் பக்கம் இருந்தது. ஸ்டூல் நகரும் சத்தம். கம்பு மணலில் ஊன்றும் சத்தம் கேட்காது, ஊன்றி எடுக்கும்போது சரக் என்று மணல் சரியும், அது கேட்டது. முப்பது அடி. அவள் திரும்பவில்லை. வருகிறான், வந்து என்ன செய்வான், கம்பால் அடிப்பானா, அடிக்கிறவன் இல்லை, காறித் துப்புவானா, இத்தனை பேர் முன்னால் என்னடி சொன்னே என்று கேட்பானா, பதினோரு மாதமாக என் தப்பு என் தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவன், அந்தத் தப்பை அவனிடமிருந்து பிடுங்கிவிட்டால் அவன் கையில் என்ன மிச்சம் இருக்கும், சந்தோஷப்படுவானா, எப்படிச் சந்தோஷப்படுவான், என்னைக் காப்பாற்றிக்கொள்ள உன்னைக் குடிகாரன் என்று ஊரைப் பேசவிட்டேன் என்றல்லவா இப்போது சொல்லியிருக்கிறாள். சரக். சரக். மன்னிச்சிருங்க என்று கேட்கலாம். கேட்க மாட்டாள். கேட்டால் மன்னிக்க வேண்டியதாகிவிடும், நல்லவன், மன்னித்தும்விடுவான், அப்படி ஒன்றை அவனிடமிருந்து பறிக்க அவளுக்கு மனசில்லை. வேண்டியதை அவனே செய்யட்டும். அவள் முதுகை நிமிர்த்தி வைத்துக்கொண்டு நின்றாள், முதுகுத்தண்டு முழுக்க வலித்தது.

அவன் அவளைத் தாண்டிப் போனான். முகத்தைப் பார்க்கவில்லை. கல்லை எடுல, என்று செந்தூர்பாண்டியிடம் சொன்னான். அவனும் இன்னொருவனும் வண்டியைத் தூக்கிக் கல்லை உருவி இறக்கினார்கள், வண்டி மணலில் உட்கார்ந்தது. சுயம்பு கம்பை அண்ணாச்சியின் கையில் கொடுத்தான், அவரும் வாங்கிக்கொண்டார். ஹேண்டில்பாரைப் பிடித்து, தகடு வைத்த காலை இரண்டு கையாலும் தூக்கி மறுபக்கம் போட்டு, வலியில் உதட்டைக் கடித்து, சீட்டில் உட்கார்ந்தான். விழுந்த நாளுக்குப் பிறகு அவன் வண்டியில் ஏறுவது இதுதான் முதல் தடவை. பின்பக்கம் அமுங்கியது. அவன் நேரே மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் காலை வாங்கிய அந்த மேட்டை. அண்ணாச்சி குனியப் போனார். அவன் வேண்டாம் என்று கையைக் காட்டி நிறுத்தினான்.

“நீ என்னட்டி பாத்துட்டு நிக்க? பொறத்தால ஏறு. ஒத்த ஆள வச்சா அளக்கது?”

குரலில் கோபம் இருந்தது. எந்த அளவுக்கு என்று அளக்க அவளிடம் எதுவும் இல்லை. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு ஏறினாள், அவனுக்குப் பின்னால் உட்கார்ந்தாள், வண்டி இன்னும் கொஞ்சம் அமுங்கியது. அங்கிருந்து செயின் தெரியவில்லை, அவன் முகமும் தெரியவில்லை, வேர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டிய சட்டை மட்டும் தெரிந்தது. கீழே அண்ணாச்சி கம்பை ஊன்றி முழங்காலை மடக்கிச் செயினுக்கு அடியில் விரலை விட்டார். வீட்டுக்குப் போனதும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும், இன்றைக்கும் நாளைக்கும், எத்தனை நாளைக்கோ. இருக்கட்டும். அவள் அவன் தோளைப் பிடிக்கலாமா என்று கேட்கவில்லை, பிடித்துக்கொண்டாள்.